சகலை கை பட்ட வண்டி

என் வண்டி எனக்கு ஓடாது, சகலைக்கு ஓடும். எல்லாம் நடந்து முடிந்த பிறகும் இந்த ஒரு வரியை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருப்பவன். மண்டிக்குப் பின்னால் வீடும், அதை ஒட்டி ஒரு குடோனும் உண்டு. அதில் முக்கால்வாசி இடம் வத்தல் மூட்டைக்கு, மிச்சம் என் வண்டிக்கு. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக் கூரை, சைக்கிளுக்கு இருப்பது மாதிரி கம்பிச் சக்கரம், அடர்பச்சை நிறம். மலையில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் கிடைத்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய அன்று என் மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"நீங்களும் நானும் உக்காந்துட்டா காய்கறிப் பைய எங்கன வைக்கிறது?" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கற்றுக்கொண்டேன். அந்த வண்டிக்கான ரிப்பேர் புத்தகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். நம் ஊர் ஸ்பானர் எதுவும் அதன் போல்ட்டுக்குச் சேராது, எல்லாம் பழைய இஞ்ச் கணக்கு. அதற்கென்று தனி செட் வாங்கினேன். பிரேக்கைப் பிரித்தேன், ஒயரிங் முழுவதையும் மாற்றினேன், பொத்தலாகிப்போன தரைத்தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவைத்தேன். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் குடோனில்தான். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே செய்த வேலை. மாவட்டத்திலேயே இப்படி ஒரு வண்டியைத் தன் கையால் பிரித்துச் சேர்த்தவன் நான் ஒருவன்தான் என்று மண்டிக்கு வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் கைகூடவில்லை. அந்த வண்டிக்கு கார்புரேட்டர் இரண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற பொருள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்து ஒன்று குறைய இழுத்தால் இன்ஜின் இருமும், நின்றுபோகும். சரிசெய்ய மெஷின் ஒன்றும் வேண்டாம், ஒரு துண்டு ரப்பர் குழாய் போதும் என்று புத்தகம் சொல்கிறது. குழாயின் ஒரு முனையை கார்புரேட்டர் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, இரண்டின் 'உஸ்' சத்தமும் ஒன்றாகிறவரை திருகாணியைத் திருப்ப வேண்டும். மூன்று மாதம் திருப்பினேன். எனக்கு இரண்டும் ஒரே உஸ்ஸாகத்தான் கேட்டது, வண்டிக்கு அப்படிக் கேட்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு சாப்பிட வந்தார். சாப்பாடு ஆகட்டும் என்று குடோன் பக்கம் நடந்து வந்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். வாட்சையும் போனையும் எடுத்து வெளியே ஜன்னல் கட்டையில் வைத்தார். இரும்புக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கோயிலுக்கு வந்தது போல இருக்கிறதே என்று சிரித்தேன்.

"பழக்கம்ணே. கம்பெனில ஒவ்வொரு ரூம் வாசல்லயும் செம்புத் தகடு இருக்கும். அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஒடம்புல இருக்க கரண்டு எறங்கிரும்" என்றார்.

பிறகு ரப்பர் குழாயை எடுத்துக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் திருகாணியில் கால் சுற்று, அந்தத் திருகாணியில் அரைக்கால் சுற்று. எனக்கு இருமிக் காட்டிக்கொண்டிருந்த வண்டி, அவர் கை பட்டதும் நல்ல பிள்ளை மாதிரி ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

சத்தம் கேட்டு வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். என் மனைவி அவரைப் பார்த்துக் கை தட்டினாள். இரண்டு வருடத்தில் எனக்கு ஒருமுறை தட்டியதில்லை. சாப்பாட்டில் விரால் மீன் குழம்பில் இருந்த தலைத்துண்டு அவர் இலைக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் என் இலைக்குத்தான் வரும். அற்ப விஷயம், தெரிகிறது. இருந்தாலும் அந்தத் தலை இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் காலை மாமனார் போன் செய்தார்.

"சின்ன மாப்பிள வண்டிய ஓட வச்சிட்டாராமே. சந்தோசம் மாப்பிள."

பிரேக், ஒயரிங், தரைத்தகடு எல்லாம் யார் செய்தது என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. ஆமா மாமா என்று போனை வைத்தேன்.

அதன்பின் சகலை ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. ஏனென்றால் அவர் நல்ல மனிதர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார், ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார், கேட்டால்தான் தொடுவார். தொட்டால் சரியாகிவிடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பிச் சக்கரத்தின் நடுவில் இரண்டு காது வைத்த பெரிய நட்டு ஒன்று உண்டு, அதைத் தட்டித்தான் கழற்ற வேண்டும். நான் இரும்புச் சுத்தியலால் தட்டிக் காதெல்லாம் நசுங்கிக் கிடந்தது. அவர் கம்பெனியிலிருந்து ஒரு மரச் சுத்தியல் கொண்டுவந்தார். இரும்பில் இரும்பு படக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு, பொறி பறந்துவிடும். மரச் சுத்தியலில் நட்டு ஒரு கீறல் இல்லாமல் கழன்று வந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மரமோ செம்போதான் உபயோகிக்க வேண்டும், இரும்பு கூடாது என்று அதிலும் போட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவர் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

சாயங்காலம் கிளம்பும்போது அவர் தவறாமல் ஒன்று செய்வார். டேங்கில் இருக்கிற பெட்ரோல், இரண்டு கார்புரேட்டர் கிண்ணத்திலும் தங்கி நிற்கிற பெட்ரோல், எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வடித்து எடுத்துக் குடோனுக்கு வெளியே தூரத்தில் கொண்டுபோய் வைத்து மூடுவார். சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது. டப்பாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

"கலந்த வெடிமருந்த அன்னன்னைக்கே முடிச்சிரணும்ணே. சாயங்காலம் ரூம்ல ஒரு கை மருந்து மிச்சம் இருந்தாலும் பூட்டிட்டு வர மாட்டோம். இத அப்பிடியே விட்டுட்டுப் போனா எனக்கு வீட்ல சோறு எறங்காது" என்பார்.

ஆவணியில் ஒரு மத்தியானம் மண்டியில் ஆள் இல்லாத நேரம். புத்தகத்தில் கார்புரேட்டர் பகுதியை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், சகலைக்குத் தெரியாத ஏதாவது ஒன்று எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் படித்தேன். கிடைத்தது. கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் கசியாமல் இருக்கச் சின்னச் சின்ன கார்க் வளையங்கள் வைத்திருக்கிறார்கள். கார்க் எப்போதும் பெட்ரோலில் நனைந்தே இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் ஒழுகும். ஆகவே வண்டி சும்மா நின்றாலும் கிண்ணத்தைக் காலி செய்யாதே என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

சகலை வாரா வாரம் காலி செய்துகொண்டிருந்தார். ஆறு நாள் காய்வது, ஏழாம் நாள் நனைவது. அந்தத் தப்பைப் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவர்தான் செய்ய முடியும், வேறு யாருக்கும் அவ்வளவு ஒழுங்கு வராது.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அவர் டப்பாவை நீட்டியபோது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொல்லவில்லை, டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையாலேயே வண்டி ஒருநாள் நாலு பேர் முன்னால் ஒழுகி நிற்கட்டும், அப்போது புத்தகத்தைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டுவோம் என்று கணக்குப் போட்டேன். எந்த முகத்தோடு காட்ட வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். வருத்தப்படுகிற முகம்.

புரட்டாசிக்குப் பிறகு பெட்ரோல் ஊற்றியவுடன் நாலு சொட்டு விழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கார்க் ஊறிக்கொண்டதும் நிற்கும்.

"பழைய வண்டிதானண்ணே, இதுக்கும் மூட்டு வலி இருக்கும்ல" என்று சகலை துணியால் துடைத்துவிட்டு நட்டை இறுக்குவார். நட்டை இறுக்கினால் நிற்காது என்று எனக்குத் தெரியும். இறுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையில் மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம் வந்தது. சிவகாசி ரோட்டில் மண்டபம். வேலைகளைப் பேச எல்லோரும் மாமனார் வீட்டில் கூடியிருந்தோம். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அந்தப் பச்சை வண்டியில்தான் வருவேன் என்று மாமனார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மாமியார், அந்தக் குளியல் தொட்டியில் நான் ஏற மாட்டேன், எனக்கு வேறு கார் வைங்க என்று முடித்துவிட்டார். ஆக, ஒரு சீட் மாமனாருக்கு, ஒரு சீட் ஓட்டுகிறவருக்கு. என் வண்டி. நான் மூத்த மாப்பிள்ளை. வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சின்ன மாப்பிள ஓட்டட்டும். அவர் கைக்குத்தான் அது கேக்குதாம்ல" என்றார் மாமனார்.

சகலை உடனே, "இல்ல மாமா, அண்ணன் வண்டி, அண்ணன் ஓட்றதுதான் மரியாத" என்றார். இதைவிட வேறென்ன சொல்ல முடியும் ஒரு மனிதர். அவர் விட்டுக்கொடுத்து நான் ஓட்டுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட, நீங்களே ஓட்டுங்க தம்பி. நான் அத்தையக் கூட்டிட்டு முன்னாடி போறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

முந்தின நாளே வண்டியை மாமனார் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி வழக்கம்போல வடித்து வைத்திருந்த சகலை, விசேஷத்தன்று காலையில் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். அந்த வண்டியில் சாவியைத் திருப்பினால் பின்பக்கம் இருக்கிற பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வாசலில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், சீட்டில் இருந்த சகலைக்குக் கேட்க வழியில்லை. நான் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். டிக். ஐந்து எண்ணுவதற்குள் இன்னொரு டிக். நிற்கவே இல்லை. இன்றைக்குத்தான் என்று புரிந்தது. பாதி வழியில் பெட்ரோல் நாற்றம் வரும், வண்டி நிற்கும், மாமனார் எரிச்சலோடு இறங்குவார், எனக்கு போன் வரும். புத்தகம் நான் தினம் ஓட்டுகிற காரில் இருந்தது. அன்று காலையில்தான் எடுத்து வைத்தேன்.

அவ்வளவுதான் நினைத்தேன். அதற்குமேல் என்ன ஆகும் என்று யோசிக்க அந்த வயிற்றெரிச்சல் இடம் விடவில்லை. மாமியாரையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டேன்.

மண்டப வாசலில் வாழைமரத்திலிருந்து ரோடு வரை சரவெடியை இரண்டு வரிசையாக விரித்துப் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறவர்கள், மரியாதை செய்வதென்றால் அவர்களுக்கு இதுதான். நடுவில் வண்டி வந்து நிற்க வேண்டும், நின்றதும் இரண்டு பக்கமும் பற்ற வேண்டும் என்று ஏற்பாடு. மனைவியின் சித்தப்பா மகன் புகைகிற ஊதுபத்தியோடு குத்தவைத்திருந்தான்.

அந்த ஊதுபத்தியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போன் அடித்தேன். சகலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார்.

"வண்டி வந்துருச்சு, வந்துருச்சு" என்றார்கள். வளைவில் பச்சை தெரிந்தது. கூரையை மடக்கியிருந்ததால் உள்ளே இருப்பவர்கள் நன்றாகத் தெரிந்தார்கள். மாமனார் பட்டு வேட்டியில், மாலையோடு. அவர் மடியில் சிவப்புப் பட்டுப்பாவாடையில் சகலையின் மகள், ஆறு வயது. கிளம்புகிற நேரத்தில் தாத்தாவோடுதான் வருவேன் என்று அழுது ஏறிக்கொண்டாளாம். எனக்குத் தெரியாது.

பட்டாசு வெடிக்கிற இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிச் சரத்தின்மேல் கொட்டினேன். காலால் உதைத்து உதைத்துச் சரத்தை வாய்க்காலில் தள்ளினேன். ஊதுபத்தியைப் பிடுங்கி மிதித்தேன். புது வேட்டியெல்லாம் சேறு.

"நல்ல நாளும் அதுவுமா என்ன காரியம் பண்ணிட்டீக" என்று ஒரு பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது. என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி வந்து நின்றது. நான் ரோட்டைத்தான் பார்த்தேன். வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம்.

நின்ற உடனே சகலைக்கு நாற்றம் தெரிந்துவிட்டது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். முதலில் மகளைத் தூக்கி என் மனைவியிடம் கொடுத்தார். அப்புறம் மாமனாரைக் கைப்பிடித்து இறக்கித் தள்ளி நிறுத்தினார். பிறகுதான் பானெட்டைத் திறந்தார். நானும் குனிந்து பார்த்தேன். கார்புரேட்டர் அடியிலிருந்து பெட்ரோல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலு விரல் தள்ளிப் புகைக்குழாய், கை வைக்க முடியாத சூட்டில்.

கூட்டம் மாமனாரைச் சுற்றிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பானெட்டுக்குப் பின்னால்.

"வண்டி வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே சரத்த நனைச்சிட்டீகளேண்ணே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். சந்தேகமே இல்லாத கேள்வி. நன்றி சொல்ல வருகிறவர் குரல்.

பொய் சொல்ல எனக்கு வரும். அன்றைக்கு வரவில்லை.

"காலைலயே பம்ப் நிக்கல" என்றேன்.

"காலைலயேவா?"

"அந்த கார்க் காயக் கூடாது தம்பி. வடிச்சு வச்சா சுருங்கிரும். புத்தகத்துல போட்டிருக்கு."

"எப்பப் படிச்சீக?"

"ஆவணில."

அவர் விரலில் வழிந்த பெட்ரோலைத் துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நான் வடிக்கும்போதெல்லாம் டப்பாவப் பிடிச்சிக்கிட்டு நின்னீகளேண்ணே" என்றார். அப்புறம், "பாப்பாவும் உள்ள இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சத்தம் போடாமல், யாரிடமும் சொல்லாமல், சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு மகள் இருந்த பக்கம் போனார். அந்த நேரத்திலும், இப்படி இருக்க இவருக்கு எப்படி முடிகிறது என்று எனக்குள்ளே ஒன்று பொறாமைப்பட்டது. அதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை.

தாலி கட்டு முடிந்து சாப்பாட்டுப் பந்தி போடுவதற்கு முன்னால் மாமனார் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இன்னைக்கு நானும் எம் பேத்தியும் இங்கன உசுரோட நிக்கிறோம்னா அது எம் பெரிய மாப்பிளையாலதான். அம்புட்டுப் பேர் நின்னாக, ஒருத்தருக்கும் தோணல. அவருக்கு மட்டும் தோணிச்சு. அந்த வண்டிய அவரு மாதிரி அறிஞ்சவரு யாரு இருக்கா?"

மேடைக்குக் கூப்பிட்டுத் தனக்குப் போட்டிருந்த சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். சேற்று வேட்டியோடு நின்று தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். மண்டபம் முழுவதும் கை தட்டியது. இரண்டு வருடமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை ஒன்று விடாமல் மைக்கில் வந்துவிட்டது. என் மனைவி அழுதுகொண்டே கை தட்டினாள்.

சகலை மட்டும் தட்டவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தூணோரம் நின்றிருந்தார்.

"பாப்பா தோள்ல தூங்கிட்டா, அதான் அவரால தட்ட முடியல. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீக" என்று வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி எனக்குச் சமாதானம் சொன்னாள்.